டேஷ்கேமா, ரிவர்ஸ் கேமராவா? புதிதாக கார் வாங்கியவர்களுக்கு

கார் டெலிவரி எடுத்த வாரமே வரும் கேள்வி இது: என்ன கேமரா மாட்டலாம்? கடையில் போய் நின்றால் 4கே, 170 டிகிரி, நைட் விஷன் என்று அடுக்குவார்கள். பெட்டியின் மேல் அச்சடித்த எண்களை மட்டும் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் நமக்குத் தேவையில்லாத ஒன்றுதான் வீட்டுக்கு வரும். இந்தக் கேமரா எதைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் அந்த எண்களுக்கு அர்த்தம் கிடைத்துவிடும்.

இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை. டேஷ்கேம் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சாலையைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். ஓட்டும்போது அதை நீங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏதாவது நடந்த பிறகுதான் அதன் பதிவு தேவைப்படும். ரிவர்ஸ் கேமரா எதையும் பதிவு செய்வதில்லை. ரிவர்ஸ் கியர் போட்டவுடன் திரையில் படம் வரும், கியரை எடுத்தால் போய்விடும். அந்தச் சில நொடிகளில் உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தைக் காட்டுவதுதான் அதன் மொத்த வேலையும்.

இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், ரிவர்ஸ் கேமராவை முதலில் மாட்டுங்கள் என்றுதான் சொல்வேன். டேஷ்கேம் உங்களைக் காப்பாற்றுவது விபத்து நடந்த பிறகு. ரிவர்ஸ் கேமரா இன்னொருவரின் உயிரைக் காப்பாற்றக்கூடியது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காரை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் குடத்தைப் பின் பம்பரை ஒட்டி வையுங்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மூன்று கண்ணாடியிலும் பாருங்கள். குடம் தெரியாது. யாரையாவது விட்டு அதை ஓர் அடி, இரண்டு அடி என்று பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள். குடத்தின் வாய் நடுக் கண்ணாடியில் முதலில் எட்டிப்பார்க்கும் இடத்தில் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். அப்புறம் இறங்கிப் போய் அந்தக் கோட்டுக்கும் பம்பருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். சின்ன ஹேட்ச்பேக்கிலேயே பல அடி இருக்கும். உயரமான எஸ்யூவி என்றால் இன்னும் அதிகம். அந்த இடத்தில் உட்கார்ந்து விளையாடும் ஒரு குழந்தை, எவ்வளவு கவனமாக ஓட்டுகிறவர் கண்ணிலும் படாது.

அமெரிக்காவில் இதற்கென்று சட்டமே வந்தது. 2002-இல் நியூயார்க் மாநிலத்தில், வீட்டு வாசலில் அப்பா ரிவர்ஸ் எடுத்த வண்டியில் அடிபட்டு கேமரன் கல்ப்ரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோனது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008-இல் சட்டம் நிறைவேறியது. அதன் விளைவாக, 2018 மே 1 முதல் அங்கே தயாராகும் எல்லாப் புதிய கார்களிலும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளமுள்ள பகுதி திரையில் தெரிய வேண்டும், ரிவர்ஸ் போட்ட 2 நொடிக்குள் படம் வந்துவிட வேண்டும் என்று அளவும் வைத்திருக்கிறார்கள். நாம் வாங்கும் கேமராவுக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டு ஐந்து நொடி கழித்துப் படம் வரும் கேமரா, வண்டி நகர்ந்த பிறகு விழிக்கிறது.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்குப் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம், கேமரா கட்டாயமில்லை. அதனால்தான் பேஸ் வேரியன்ட்டில் "பீப் பீப்" சத்தம் மட்டும் வருகிறது. சென்சார் போதாதா என்று கேட்பீர்கள். சென்சார் அனுப்பும் ஒலி ஏதாவது ஒன்றில் பட்டுத் திரும்பி வர வேண்டும். சுவர், தூண், இன்னொரு கார் என்றால் நன்றாகச் சொல்லும். ஒல்லியான இரும்புக் கம்பி, தரையோடு கிடக்கும் கல் இவற்றைத் தவறவிடலாம். திறந்து கிடக்கும் சாக்கடையை அதற்குச் சுத்தமாகத் தெரியாது, ஏனென்றால் பள்ளத்தில் ஒலி பட்டுத் திரும்ப எதுவுமில்லை. நம் தெருக்களில் பின் சக்கரம் இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். கேமராவுக்குப் பள்ளம் தெரியும், ஆனால் தூரம் சரியாகப் புரியாது. எனவே சென்சாரைக் கழற்ற வேண்டாம், கேமராவைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் திரையிலும் காது சென்சாரிலும் இருக்கட்டும். இரண்டும் இருந்தாலும் கிளம்பும் முன் ஒருமுறை பின்னால் நடந்து பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

ரிவர்ஸ் கேமரா வாங்கும்போது

முதலில் பார்க்க வேண்டியது கேமராவை அல்ல, உங்கள் காரில் இருக்கும் திரையை. பழைய வகைக் கேமரா சாதாரண அனலாக் சிக்னல் கொடுக்கும்; கேமரா இணைப்பு உள்ள பெரும்பாலான ஸ்டீரியோக்களில் வேலை செய்யும், படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். புதிய வகை ஏஎச்டி, அதாவது உயர் தெளிவு சிக்னல். படம் தெளிவாக இருக்கும், ஆனால் ஸ்டீரியோவும் ஏஎச்டி-யை ஏற்க வேண்டும், அதே அளவில் செட்டிங் இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் திரை கருப்பாக இருக்கும் அல்லது படம் கோடு கோடாக ஓடும். "கேமரா போச்சு" என்று திருப்பிக் கொடுக்கப்படும் பல கேமராக்களில் உண்மையான சிக்கல் இதுதான். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்றால் செட்டிங்கில் கேமரா வகையை மாற்றும் இடம் இருக்கும், ஃபிட்டரிடம் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கம்பெனி ஸ்டீரியோ என்றால் உங்கள் மாடலுக்கென்றே வரும் கப்ளர் (வயர்களைச் சொருகி இணைக்கும் துண்டு) கிடைக்கிறதா என்று கேளுங்கள். வயரை வெட்டாமல் கப்ளரோடு கப்ளர் சொருகினால் வாரண்டி பற்றிய வாக்குவாதம் வராது.

அடுத்தது எங்கே மாட்டுவது. டிக்கி கதவில் ஓட்டை போட்டுச் சொருகும் வகை விலை குறைவு, பார்க்கவும் பொருந்தி இருக்கும். ஆனால் தகரத்தில் போட்ட ஓட்டையின் ஓரத்தில் பெயின்ட் பூசாமல் விட்டால் அங்கிருந்துதான் துரு கிளம்பும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போலக் கடற்கரை ஊரில் இருப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. நம்பர் பிளேட் விளக்கு இருக்கும் இடத்தில் அப்படியே பொருந்துகிற மாதிரி, உங்கள் மாடலுக்கென்று வரும் கேமரா இருந்தால் அதுதான் என் தேர்வு. ஓட்டையே வேண்டாம், கேமரா வண்டியின் நடுவிலேயே அல்லது அதற்குப் பக்கத்திலேயே வந்துவிடும்.

தண்ணீர் புகாமல் இருப்பது ரொம்ப முக்கியம். ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம். மழைக்கு அது போதும். ஆனால் வாட்டர் சர்வீஸில் பிரஷர் பம்பால் அடிப்பார்கள். அந்த வேகத்துக்கான சோதனை ஐபி69கே. அது இல்லாவிட்டால் சர்வீஸ் பையனிடம் கேமரா இருக்கும் இடத்தைக் காட்டி, அங்கே நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே ஈரம் புகுந்தால் காலையில் படம் பனிமூட்டம் மாதிரி இருக்கும், வெயில் ஏறினால் தெளியும். அப்படிக் கண்டால் வாரண்டி இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்ததும் கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சோதனை. ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் உங்கள் பெயரை எழுதி, காருக்குப் பின்னால் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். திரையில் எழுத்து இடவலம் மாறித் தெரிய வேண்டும், கண்ணாடியில் தெரிவது போல. பெயரை நேராகப் படிக்க முடிந்தால் கேமரா தவறாக அமைக்கப்பட்டிருக்கிறது. இடது பக்கம் நிற்கும் பைக் திரையில் வலது பக்கம் தெரியும், நீங்கள் அதிலிருந்து விலகுவதாக நினைத்து அதன் மேலேயே ஏற்றுவீர்கள். பல கேமராக்களில் வயரோடு ஒரு சின்ன வளையம் வரும்; அதை வெட்டினாலோ சேர்த்தாலோ படம் திரும்பிவிடும். இன்னொரு வளையம் திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளுக்கானது.

அந்தக் கோடுகளை அப்படியே நம்ப வேண்டாம். கேமராவின் உயரமும் சாய்வும் வண்டிக்கு வண்டி மாறும், கோடுகள் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். பம்பரிலிருந்து அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் தள்ளி மூன்று செங்கல் வைத்து, சிவப்புக் கோடு உங்கள் வண்டியில் எங்கே விழுகிறது என்று ஒருமுறை பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரிங் திருப்பினால் வளையும் கோடுகள் பார்க்க நன்றாக இருக்கும், அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை.

கடைசியாக வயர். டிக்கி கதவு திறந்து மூடும்போதெல்லாம் கேமரா வயரும் மடங்கி நிமிரும். கதவுக்கும் பாடிக்கும் நடுவே கம்பெனியே ஒரு ரப்பர் குழாய் வைத்திருக்கும். அதற்குள் நுழைத்து எடுத்தால் பல வருடம் தாங்கும். சோம்பல்பட்டு வெளியே விட்டால் சில மாதத்தில் உள்ளே கம்பி அறுந்துவிடும். ஃபிட்டர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று இதை மட்டுமாவது பாருங்கள்.

டேஷ்கேம்: ஒரு நம்பர் பிளேட்டைப் படிப்பது

டேஷ்கேமுக்கு வருவோம். இதன் உண்மையான தேர்வு ஒன்றே ஒன்று. இடித்துவிட்டுப் போகும் வண்டியின் நம்பரைப் படிக்க முடிகிறதா? யார் மீது தவறு என்பதைச் சாதாரண கேமராவே காட்டிவிடும். நம்பரைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

அந்த நம்பர் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்று தெரியாவிட்டால், இறந்தவர் குடும்பத்துக்கு அரசுத் திட்டத்தில் கிடைப்பது 2 லட்சம் ரூபாய், பலத்த காயம்பட்டவருக்கு 50,000 ரூபாய். வண்டி எது என்று தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இறந்தவரின் வயது, வருமானம், குடும்பத்தில் எத்தனை பேர் என்றெல்லாம் கணக்கிட்டு அதைவிடப் பல மடங்கு கிடைக்க வாய்ப்புண்டு. உங்கள் கண் முன்னால் ஒரு சைக்கிள்காரரை லாரி தட்டிவிட்டுப் போகிறது என்று வையுங்கள். உங்கள் காரில் இருக்கும் பதிவு அந்தக் குடும்பத்தின் பல வருட வாழ்க்கையைத் தீர்மானிக்கலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். 2019 ஏப்ரல் முதல் வரும் கார்களில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இருக்கிறது. நீளமான வகை 500 மில்லிமீட்டர் அகலம், அதாவது அரை மீட்டர். 1080பி கேமராவில் குறுக்குவாட்டில் 1920 புள்ளிகள். லென்ஸ் குறுக்கே 120 டிகிரி பார்க்கிறது என்றால் ஒரு டிகிரிக்கு 16 புள்ளிகள். 10 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் சுமார் 3 டிகிரிக்குள் அடங்கிவிடும். ஆக மொத்தப் பிளேட்டுக்கும் 46 புள்ளிகள்தான், ஓர் எழுத்துக்கு நான்கு புள்ளி. அதில் 8-ஐயும் 6-ஐயும் பிரித்துச் சொல்ல முடியாது. 5 மீட்டருக்கு வந்தால் இரண்டு மடங்கு புள்ளி, ஓரளவு படிக்கலாம். குறுக்கே இரண்டு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே கேமராவில் 10 மீட்டரிலேயே அந்த அளவு கிடைத்துவிடும். இருசக்கர வாகனங்களின் பிளேட் இன்னும் சின்னது, எனவே இன்னும் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, 4கே என்பது வெறும் விளம்பரமல்ல, பகலில் அது தரும் தெளிவு உண்மையானது. இரண்டாவது, 170 டிகிரி என்று பெருமையாகப் போட்டிருப்பது நமக்கு எதிராகவே வேலை செய்யும். கோணம் அகல அகல, அதே புள்ளிகள் பெரிய காட்சியில் சிதறி ஒவ்வொரு வண்டியும் சின்னதாகிவிடும். மூலைக்கு மூலை அளந்து 130 முதல் 150 டிகிரி வரை இருப்பது சாலைக்குப் போதும்.

ஆனால் எல்லா 4கே-யும் 4கே அல்ல. உண்மையான 4கே படத்தில் 3840 பெருக்கல் 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கும் சில்லுக்கும் சென்சார் என்றுதான் பெயர்; சோனியின் ஐஎம்எக்ஸ் 335 என்ற சென்சாரில் இருப்பதே சுமார் 50 லட்சம். அதை வைத்துக்கொண்டு 4கே என்று விற்றால், இல்லாத புள்ளிகளை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது என்று பொருள். படம் பெரிதாகும், நம்பர் பிளேட் தெளிவாகாது. அதற்காக 335 மோசமான சென்சார் இல்லை. 1080பி-க்கும் 4கே-க்கும் நடுவிலுள்ள 1440பி அளவில் அது அருமையாகவே வேலை செய்யும். உண்மையான 4கே வேண்டுமென்றால் ஐஎம்எக்ஸ் 415 அல்லது ஐஎம்எக்ஸ் 678 இருக்கிறதா பாருங்கள். பின்னது ஸ்டார்விஸ் 2 என்ற புதிய தலைமுறை, இரவில் நன்றாகப் பிடிக்கும். சென்சார் பெயரையே சொல்லாத பெட்டியை நான் கையில் எடுக்க மாட்டேன்.

இரவுதான் பெரிய சோதனை. திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை தாண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: எதிரே வரும் ஹை பீம், நடுவே இருட்டு, திடீரென்று விளக்கில்லாத டிராக்டர். வெளிச்சம் குறைவு என்பதால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்தில் வண்டி நகர்ந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். முப்பதில் ஒரு நொடிக்குள்ளேயே அரை மீட்டருக்கு மேல். எதிர்த் திசையில் வரும் வண்டியும் அதே வேகம் என்றால் இரண்டு மடங்கு. அதனால் இரவில் எதிரே வரும் வண்டியின் நம்பரை எந்த டேஷ்கேமும் நம்பகமாகப் படிக்காது. உங்களுக்கு முன்னால் அதே திசையில் போகும் வண்டியின் நம்பரைப் படிக்கலாம், ஆனால் அங்கே வேறொரு சிக்கல். நம் ஹெட்லைட் அந்தப் பளபளக்கும் பிளேட்டில் பட்டு, எழுத்தெல்லாம் அழிந்து ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் பதிவாகும். எச்டிஆர் என்ற வசதி இதைத்தான் சரிசெய்யப் பார்க்கிறது. வெளிச்சமான இடத்தை அடக்கி இருட்டான இடத்தைத் தூக்கும். நல்ல எச்டிஆர் உள்ள 1440பி கேமரா, அது இல்லாத 4கே-யை இரவில் தோற்கடித்துவிடும். வாங்கும் முன் அந்த மாடலின் இரவுப் பதிவை யாராவது ஏற்றியிருக்கும் வீடியோவில் பாருங்கள். மழைத் தூறலில் எடுத்த இரவு வீடியோ கிடைத்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் காட்டும் பகல் வீடியோவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நம்பருக்கு இன்னொரு எளிய வழி இருக்கிறது. டேஷ்கேமில் மைக் உண்டு. சம்பவம் நடந்தவுடன் கண்ணில் பட்ட நம்பரைச் சத்தமாகச் சொல்லுங்கள்: "டிஎன் 31, வெள்ளை நிற வேன்" என்று தெரிந்த வரைக்கும். படத்தில் இல்லாவிட்டாலும் குரலில் நிற்கும். அதற்காகவே மைக்கை அணைக்காமல் வைத்திருக்கலாம். காரில் மற்றவர்கள் இருந்தால், பேச்சும் பதிவாகிறது என்று அவர்களிடம் சொல்லிவிடுவதுதான் முறை. வாடகைக் கார் ஓட்டுபவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

வெயில்

குளிர்நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்ட கேமரா ஒப்பீடுகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். நமக்கு இதுதான் முதல் கேள்வி. கத்திரி வெயிலில் வேலூரிலோ கரூரிலோ வெட்டவெளியில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தொடலாம். டேஷ்போர்டும் முன் கண்ணாடியும் அதைவிடச் சூடாகும். டேஷ்கேம் இருப்பதே அங்கேதான்.

விலை குறைந்த டேஷ்கேம்களில் சின்ன லித்தியம் பேட்டரி இருக்கும். வண்டி நின்று மின்சாரம் போனதும் கடைசி வீடியோவைச் சேமித்து முடிக்க அது வேண்டும். அந்தச் சூட்டில் பேட்டரி சில வருடத்தில், சிலசமயம் ஒரே கோடையில், உப்பிக்கொள்ளும். கேமராவின் உடம்பு பிளந்து நிற்கும். அதற்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்த மாடல்கள் கிடைக்கின்றன. அது சில நொடிக்கான மின்சாரத்தைத்தான் தேக்கும், ஆனால் கடைசி வீடியோவுக்கு அது போதும். வெயிலையும் நன்றாகத் தாங்கும். தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவர் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பெட்டியில் பேட்டரி எத்தனை எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது லித்தியம்தான்.

நடுக் கண்ணாடி வடிவத்தில் வரும் டேஷ்கேம்கள் பற்றிப் பலர் கேட்கிறார்கள். திரை இல்லாத பழைய ஆல்டோ, வேகன்ஆர் மாதிரி வண்டிகளில் பதிவும் ரிவர்ஸ் படமும் ஒன்றிலேயே கிடைப்பதால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. மற்றபடி பகல் வெளிச்சத்தில் திரை கண்ணைக் கூசும், சூட்டில் எடையும் சேர்ந்து அதைக் கட்டும் பட்டை தளரும். திரை உள்ள காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மெமரி கார்டு

டேஷ்கேமின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் கார்டுதான். கேமரா ஓயாமல் எழுதும். இடம் தீர்ந்ததும் பழையதை அழித்து மேலேயே எழுதும். போனுக்கு வாங்கும் சாதாரணக் கார்டு இந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. சில மாதத்தில் தேய்ந்துபோய், எழுதுவது போலக் காட்டிக்கொண்டே எழுதாமல் விட்டுவிடும். அது நமக்குத் தெரிய வருவது விபத்து நடந்த அன்றுதான். "ஹை எண்டூரன்ஸ்" என்று போட்ட கார்டு வாங்குங்கள். அதோடு எழுதும் வேகத்தைக் காட்டும் யு3 அல்லது வி30 குறி இருக்க வேண்டும். சான்டிஸ்க், சாம்சங் இரண்டிலும் இந்த வகை உண்டு.

எவ்வளவு பெரியது? 1080பி வீடியோ ஒரு மணி நேரத்துக்கு சுமார் 7 ஜிபி எடுக்கும். 64 ஜிபி கார்டில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். 4கே என்றால் மணிக்கு 18 ஜிபி அளவுக்குப் போகும், அதே கார்டு மூன்றரை மணியில் நிறைந்துவிடும். பின் கேமராவும் சேர்ந்தால் இன்னும் குறையும். சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் காலையில் நடந்தது அழிந்துவிடக் கூடாது என்றால் 4கே-க்கு 128 ஜிபிக்கும் மேல் வேண்டும். மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, அன்று ஒரு வீடியோவைத் திறந்து ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அதிர்ச்சியை உணரும் ஜி சென்சார் ஒன்று உள்ளே இருக்கும். வண்டி மோதினால் அந்த நேரத்து வீடியோவைப் பூட்டி வைக்கும், அழியாது. கம்பெனி செட்டிங்கில் விட்டால் நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றும் அதற்கு விபத்துதான். பூட்டிய வீடியோக்களே கார்டை அடைத்துக்கொண்டு நிற்கும். முதல் நாளே உணர்திறனைக் குறைந்த அளவில் வையுங்கள்.

பின் கேமரா, பார்க்கிங், ஜிபிஎஸ்

முன்னும் பின்னும் சேர்த்து வரும் இரட்டைக் கேமரா வாங்கலாமா என்றால், வாங்கலாம். சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்து இடிப்பது நகரத்தில் சாதாரணம். இந்தப் பின் கேமரா உள்ளே, பின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். பம்பருக்குக் கீழே எதையும் காட்டாது. அதை ரிவர்ஸ் கேமரா என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. ரிவர்ஸ் கேமராவில் எழுத்து இடவலம் மாறித் தெரிய வேண்டும் என்றோம். இங்கே நேராகத் தெரிய வேண்டும், இல்லையென்றால் நம்பரைப் படிக்க முடியாது. செட்டிங்கில் மாற்றலாம்.

பார்க்கிங் மோட், அதாவது நிறுத்தியிருக்கும்போதும் பதிவு, அப்பார்ட்மெண்டில் யாரோ உரசிவிட்டுப் போகும் இடங்களில் உதவும். ஆனால் அது கார் பேட்டரியிலிருந்து எடுக்கும். சுமார் 0.3 ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 7 ஆம்பியர்-மணிக்கு (Ah) மேல். சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு ராத்திரிக்குப் பயமில்லை. ஊருக்குப் போய் நான்கு நாள் காரை எடுக்காவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. வோல்டேஜ் 12.2 அல்லது 12.4-க்கு இறங்கினால் தானே அணையும் ஹார்டுவயர் கிட் (கேமராவைக் கார் மின்சாரத்தோடு நேரடியாக இணைக்கும் வயர்) போட்டால்தான் இந்த வசதியை வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் பகல் முழுக்க வெயிலில் நிறுத்துபவர்கள் இதை மறந்துவிடலாம்.

ஜிபிஎஸ் இருந்தால் வேகமும் இடமும் வீடியோவில் பதியும், நேரமும் தானாகச் சரியாக இருக்கும். நீங்கள் வேக வரம்பைத் தாண்டியிருந்தால் அதுவும் பதியும். என்னைக் கேட்டால் அது இருக்கட்டும். ஜிபிஎஸ் இல்லாத கேமரா என்றால் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். 2018 ஜனவரி 1 என்று தேதி காட்டும் வீடியோவைக் காவல் நிலையத்தில் கொடுத்தால் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் இருக்கும்.

மாட்டும்போது

சென்னைக்காரர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குத்தான் போவார்கள், ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒரு தெரு உண்டு. இடம் நடுக் கண்ணாடிக்குப் பின்னால், உங்கள் பார்வையை மறைக்காமல், வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் இருக்க வேண்டும். வைப்பர் எட்டாத மூலையில் ஒட்டினால் மழையில் பதிவே பயனில்லை. எக்ஸ்யூவி 700 போல அடாஸ், அதாவது ஓட்டுநருக்கு உதவும் தானியங்கி வசதியுள்ள கார்களில் அதே இடத்தில் கம்பெனி கேமரா இருக்கும். அதன் முன்னால் எதுவும் வரக் கூடாது. ஹூண்டாய் எக்ஸ்டர் போன்ற சில கார்களின் மேல் வேரியன்ட்டுகளில் டேஷ்கேம் கம்பெனியிலிருந்தே வருகிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயர் விஷயத்தில் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். முன் கண்ணாடியின் பக்கத் தூணுக்குள் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால், வயர் அதன் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் கட்டிவிட்டால் ஏர்பேக் விரியும்போது தடுக்கும், அல்லது வயரையும் கிளிப்பையும் முகத்தில் வீசும். இது தெரியாத ஃபிட்டர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். தொடக்கத்துக்கு 12 வோல்ட் சாக்கெட்டிலேயே சொருகினாலும் போதும். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து எடுப்பதென்றால் ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் சொருகி மின்சாரம் எடுக்கும் இணைப்பு) போட்டு எடுக்கச் சொல்லுங்கள், வயரைச் சுரண்டி முறுக்குவது வேண்டாம்.

விலை என்று பார்த்தால், 70மாய், க்யூபோ, டிடிபாய் போன்றவற்றில் நல்ல ஒற்றைக் கேமரா 3,000 ரூபாய்க்கு மேல் தொடங்குகிறது. முன்-பின் ஜோடி 8,000 முதல் 15,000 வரை போகும். இதைத் தவிர கார்டுக்கும் மாட்டும் கூலிக்கும் தனியாக 2,000 ரூபாயாவது ஒதுக்குங்கள். கேமராவில் முழுக் காசையும் போட்டுவிட்டு 300 ரூபாய் கார்டைச் சொருகுவதைவிட, ஒரு படி குறைந்த கேமராவும் நல்ல கார்டும் மேல்.

ஏதாவது நடந்துவிட்டால்

முதலில் ஆட்களைப் பாருங்கள், 108-க்கு அழையுங்கள். அப்புறம் கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றிவிடுங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் மேலே எழுதிவிடும். வீடியோவைக் கணினியில் அப்படியே நகலெடுங்கள். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தெளிவெல்லாம் போய்விடும். பென்டிரைவில் கொடுங்கள்.

நீதிமன்றத்தில் இதைச் சான்றாக வைக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவை. எந்தக் கருவியில் பதிவானது, கோப்பின் ஹேஷ் மதிப்பு (கோப்பில் இருப்பதை வைத்துக் கணக்கிடும் அடையாளக் குறியீடு) என்ன என்பதெல்லாம் அதில் வரும். கோப்பில் ஒரு நொடியை வெட்டினாலும் ஹேஷ் மாறிவிடும், அதனால்தான் தொடாதீர்கள் என்று சொல்கிறேன். சான்றிதழை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். உங்கள் வேலை அசல் கார்டைப் பத்திரமாக வைப்பது. அதைத் திரும்பக் கேமராவில் போடாதீர்கள். வண்டிக்குப் புதுக் கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.